உயில் என்ற சொல்லும் இஸ்மாலெவ்வையின் வளவும்

இப்போது கந்தோரில் உயில் எழுதக் கால் மணித்தியாலம் போதுமாம். கம்பியூட்டரில் மாதிரி ஒன்று இருக்கிறதாம். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து விழுமாம். இதைச் சொன்னவர் கல்முனையில் நான் முப்பத்துநாலு வருடம் இருந்த கதிரையில் இப்போது இருக்கிற கிளாக்கர். சொன்னதோடு நிற்காமல், "எங்கட சிறப்பு மலருக்கு ஒங்கட சேவைக்காலத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க காக்கா" என்றும் கேட்டார். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

சேவைக்காலம் என்ன பெரிய சேவைக்காலம்! மற்றவர்களின் வீட்டையும் வயலையும் பற்றி ஆயுள் முழுக்க எழுதினேன். சாதாரண தரம் முடித்து, டைப்பிங் பழகி, இருபத்தொரு வயதில், உறுதியும் உயிலும் எழுதும் தவராசா நொத்தாரிசிடம் சேர்ந்தேன். முதல் நாலைந்து வருடம் உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, பிரதி பண்ணினேன். விரல் வலித்தது என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆகையால் ஒரு சொல்லைப் பற்றியும், அந்தச் சொல்லால் நான் பட்டதைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். சொல், உயில்.

தவராசா சேர் காரைதீவு ஆள். மெலிந்தவர், சத்தமாகச் சிரிக்க மாட்டார், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் நான் எழும்பி நிற்பேன். எங்கள் சோனக முஸ்லிம் ஊர்களுக்கு நடுவில் தொழில் செய்த சைவர் என்றபடியால் எங்கள் வாரிசுச் சட்டத்தை எங்களை விட நன்றாகப் படித்து வைத்திருந்தார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரே சில நேரம் அவரிடம் வந்து கேட்பார்கள்.

உறுதி எழுதும்போது அவர் ஒரு ஆள், உயில் எழுதும்போது வேறொரு ஆள். உயில் எழுதப் போகிற வீட்டில் கையொப்பம் முடியும்வரை தேத்தண்ணி குடிக்க மாட்டார். எழுதுகிறவருக்கு முன்னால் இருந்து, "நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறன்" என்பார். அவர் சொல்வதை முதலில் வெறுமனே கேட்பார். பிறகு எழுதுவார். பிறகு ஒவ்வொரு வசனமாக வாசித்துக் காட்டி, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதில என்ன எழுதியிருக்கு எண்டு இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்பார். இதெல்லாம் நடக்கும்போது, உயிலால் நன்மை பெறுகிற யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. மகள், மருமகன், பேரப்பிள்ளை எல்லாரும் வெளியே. கடைசியாக, பேனையைக் கொடுக்குமுன், "இது உங்கட விருப்பம்தானா?" என்று மூன்று தரம் கேட்பார். மூன்றாம் தரம் கேட்கும்போது சில கிழவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "என்ன சேர், எனக்கு மூள கலங்கிட்டு எண்டா நினைக்கிறீங்க?" என்பார்கள். அவர் அசைய மாட்டார்.

ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். மாரி மழை, கரண்ட் இல்லை, கந்தோரில் ஆள் இல்லை. அவர் திருப்பி, "உயில் எந்த ஊர்ச் சொல் ஆதம்பாவா?" என்றார்.

"உயிர் போற நேரம் எழுதுறதால உயில் எண்டு வந்திருக்கும் சேர்."

அன்றைக்குத்தான் அவர் சத்தமாகச் சிரித்து நான் கண்டது. பிறகு அலுமாரியிலிருந்து தடித்த அகராதி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். அது இங்கிலீஷ்காரனின் 'வில்' என்றார். வில் என்றால் முதலில் தாள் அல்ல, விருப்பம். ஒல்லாந்தரிடம் அது வில், ஜெர்மன்காரரிடம் வில்லெ, சுவீடன்காரரிடம் வில்யா, ஐஸ்லாந்தில் வில்யி, கோத் என்று ஒரு சாதி இருந்து அழிந்துபோனதே, அவர்களிடமும் வில்யா. எல்லாம் சகோதரச் சொற்கள். இவற்றுக்கெல்லாம் வாப்பா ஒரு சொல், மூல ஜெர்மானிய மொழியில் இருந்திருக்கும், வில்யோ என்று. அதை எழுதும்போது முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்களாம்.

"நட்சத்திரம் ஏன் சேர்?"

"அந்தச் சொல்ல ஒருத்தரும் கண்டதில்ல. கல்லில இல்ல, ஏட்டில இல்ல. பிள்ளைகளப் பாத்துத் தகப்பன் இப்பிடித்தான் இருந்திருப்பார் எண்டு சொல்லுறாங்க. அதுக்குத்தான் அந்த அடையாளம்."

"நாம சுனாமிக்குப் பொறகு செஞ்ச வேலதான் சேர் அது" என்றேன். உறுதியும் போய், காணிக்காரரும் போய், எஞ்சிய பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை வைத்து இன்னாருடைய காணி இது என்று நாங்கள் எத்தனை வளவுக்கு நிலைநாட்டினோம்! அவர் தலையாட்டினார். அதற்கும் மேலே போனால் எங்கள் பக்கமே வந்துவிடுமாம். கோயிலில் கேட்கிற வரமும், பெண்ணுக்குப் பார்க்கிற வரனும் அதே வேரில் முளைத்தவையாம். தெரிந்தெடுப்பது, விரும்புவது என்பதுதான் வேரின் பொருளாம்.

பிறகு அகராதியை மூடிவிட்டுச் சொன்னார். "மத்தச் சனங்கள் அந்தத் தாளச் சொல்லுறதெண்டா கடைசி விருப்பம் எண்டு ஒரு சொல்லுக் கூடப் போடவேணும், இல்லாட்டி வேற பேர் சொல்லவேணும். இங்கிலீசுக்காரன் வெறும் விருப்பத்தையே தாளுக்குப் பேரா வெச்சான். எங்களுக்கு வந்து சேரக்குள்ள விருப்பம் வழியில விழுந்து தாள் மட்டும் வந்திருக்கு. அதால நாங்கதான் ஒவ்வொரு தரமும் கேட்டு உள்ளுக்கு வைக்கவேணும்." அவர் மூன்று தரம் கேட்பதற்குக் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இனி இஸ்மாலெவ்வையின் வளவுக்கு, அவருடைய வீடும் காணியும் சேர்ந்த இடத்துக்கு, வருகிறேன். இதை அந்த வீட்டாரைத் தவிர யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

இஸ்மாலெவ்வை எங்கள் ஊர் வேளாண்மைக்காரர். பெண்சாதி உயிரோடு இல்லை, முன்பே மௌத்து. மூத்தவன் மன்சூர் கட்டாரில் வேலை. இளையவன் நஸீர் கடற்கரை ஊரான ஒலுவிலில் கலியாணம் முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி பெண்சாதியின் வீட்டில் குடியிருந்தான். கடைசி, ஜெமீலா. இந்தக் கரையில் வீடு பெண் பிள்ளைக்கு. கலியாணத்துக்கு முன்பே உறுதி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஜெமீலாவுக்குப் பேசிய மாப்பிள்ளை, றிபாஸ் என்ற பள்ளிக்கூட மாஸ்டர், "எனக்கு ஊடும் வேணா வளவும் வேணா, சீதனம் எண்டு ஒரு உறுதியும் எழுதப்படாது" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிசன். இஸ்மாலெவ்வைக்கு மகிழ்ச்சியும்தான், வெட்கமும்தான். மகளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியாமல், தனக்குப் பிறகு வீடு மகளுக்கு என்று உயில் எழுத எங்களைக் கூப்பிட்டார். அப்போதே நெஞ்சு வருத்தத்தில் படுக்கையோடு இருந்தார்.

சேர் முதலில் சொன்னது இதுதான்: "உங்கட மார்க்கத்தில வாரிசுக்கு உயிலால குடுக்கிறதெண்டா மத்த வாரிசுகள் பொருந்தவேணும். நாட்டுச் சட்டம் விடும். ஆனா மகன்மாரிட்டக் கதைச்சீங்களா?"

"அவனுகளுக்கு என்னத்துக்கு சேர் இந்த ஊடு? ரெண்டு பேரும் பொஞ்சாதிட ஊட்டுல நல்லாத்தான் இரிக்கானுகள். கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவானுகள். பெத்தவன் புள்ளைகளுக்கிட்டக் கேட்டு நிக்கிறது எனக்கு ஒரு மாதிரி."

சேர் கண்ணாடியைத் துடைத்தார். ஆனாலும் எழுதினார். ஜெமீலாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். மற்றவராகப் பக்கத்து வளவுக்காரரைச் சொல்லி வைத்திருந்தேன். அன்று விடியத்தான் வாய்க்காலில் தண்ணீர் திறந்திருந்தார்கள். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஊரில் ஆம்பிளை இல்லை. முன் விறாந்தையில் றிபாஸ் மாஸ்டர் மாமனாருக்கு மருந்து கொண்டுவந்து, உள்ளே வர வெட்கப்பட்டு நின்றார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காவின் என்ற திருமணப் பதிவை எழுதுவது ஒரு நாள், கலியாணம் இன்னொரு நாள். காவின் எழுதிவிட்டால் மார்க்கப்படியும் சட்டப்படியும் அவர்கள் புருஷன் பெண்சாதி. ஆனால் கலியாணச் சோறு ஆக்கி, மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டிவரும்வரை ஊர் அவரை அந்த வீட்டு ஆளாக எடுக்காது. இஸ்மாலெவ்வை தன் மூச்சு இருக்கும்போதே மகளைக் கைபிடித்துக் கொடுக்க ஆசைப்பட்டு, ஐந்து நாளைக்கு முன் காவினை முடித்திருந்தார். கலியாணம் நெல் வேளாண்மை வெட்டிய பிறகு. காவினன்று பள்ளியில் பங்கிட்ட பேரீச்சம்பழத்தைத் தின்றவர்களில் நானும் ஒருவன்.

நன்மை பெறுகிறவரோ அவருடைய புருஷனோ பெண்சாதியோ சாட்சியாகக் கையொப்பம் வைத்தால் அந்த நன்மை செல்லாது. இந்தப் பாடத்தை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று காலை அது என் தலையில் இருந்தது. ஆனால் றிபாஸ் புருஷன் என்பது இல்லை. 'இன்னும் கலியாணம் முடியவில்லையே' என்றுதான் என் புத்தி போயிற்று.

"தம்பி, ஒரு கையொப்பம் வெக்கணும்" என்றேன்.

"நான் வெக்கலாமா காக்கா?"

"ஏன் ஏலா? நீங்க இன்னும் இந்த ஊட்டு ஆள் இல்லதானே" என்று பகிடியாகச் சொன்னேன்.

சேர் உள்ளே இருந்து, "ரெண்டு சாட்சியும் வெளி ஆக்களா ஆதம்பாவா?" என்று கேட்டார். அவர் காரைதீவுக்காரர், யாருக்கு யார் காவின் எழுதினார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? "ஓம் சேர்" என்றேன். தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே றிபாஸ் கையொப்பம் வைத்தார். இஸ்மாலெவ்வையும், உள்ளே இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியாதவரை போதும் என்று இருந்துவிட்டார்.

கலியாணம் நடந்தது. அந்த மாரியிலே ஒலுவிலில் கடல் கரையைத் தின்றுகொண்டு உள்ளே வந்து, நஸீர் குடியிருந்த வீட்டின் முன் சுவரையும் கிணற்றையும் எடுத்துக்கொண்டு போயிற்று. மூன்று பிள்ளைகளோடு அவன் வாடகை வீடு வாடகை வீடாக அலைந்தான். அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்தில் இஸ்மாலெவ்வை மௌத்தானார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ஜெமீலாவும் றிபாஸும் உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்கக் கந்தோருக்கு வந்தார்கள். பத்திரங்களோடு காவின் சான்றிதழும் இருந்தது. சேர் அதன் திகதியைப் பார்த்தார். உயிலின் திகதியைப் பார்த்தார். சாட்சியின் பெயரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

காவின் எழுதிய நாளே றிபாஸ் புருஷனாகிவிட்டார். வீடு ஜெமீலாவுக்கு இல்லை. வாரிசுச் சட்டப்படி ஐந்து பங்கு. காக்காமார் இருவருக்கும் இரண்டு இரண்டு, அவளுக்கு ஒன்று. வாப்பாவைக் கழுவித் துடைத்துக் கடைசிவரை பார்த்தவளுக்கு ஒரு பங்கு. இத்தனைக்கும் காரணம் நான் சொன்ன ஒரு "ஓம்".

"சேர், காவின்ட திகதிய ஆரு பாக்கப்போறா? பேசாம விடுவம். மௌத்தான மனிசன் விரும்பினதுதானே நடக்கும்" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நாங்க மறைச்சு நடத்தினா அது அவர்ட விருப்பம் இல்ல ஆதம்பாவா. உன்ட விருப்பமும் என்ட விருப்பமும்." உயிலை மடித்துக் கோவைக்குள் வைத்தார். "பிழை நான் அத்தாட்சிப்படுத்தினதில. பேர் எனக்குத்தான் கெடும், கெடட்டும். ஆனா அவங்கட ஊட்டுக்குப் போய்ச் சொல்லுறது நீ. எல்லாரும் இருக்கக்குள்ள சொல்லு." அந்த மனிதர் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனேன். மன்சூர் தொலைபேசியில். நஸீர், ஜெமீலா, றிபாஸ் மூவரும் முன்னால். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். பகிடி பண்ணிக் கையொப்பம் வாங்கியதையும் சொன்னேன்.

றிபாஸின் முகம் செத்துவிட்டது. "சீதனம் வேணா எண்டு சொன்ன நான், அவள்ட வாப்பா குடுத்தத என்ட கையாலேயே இல்லாமலாக்கிட்டனா காக்கா?" என்றார்.

மன்சூர் கட்டாரிலிருந்து, "எனக்கு ஒண்டும் வேணா, வாப்பா சொன்னபடி தங்கச்சிக்கே எழுதுங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டான். எல்லாரும் நஸீரைப் பார்த்தோம்.

"வாப்பா எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, கடல் வர முந்தியே ஓம் எண்டிருப்பன். கேக்கல்லியே. இப்ப எனக்கு ஊடில்ல. இப்ப வந்து கேக்கிறீங்க." எழும்பிப் போய்விட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மூன்று பிள்ளைகளின் புத்தகப் பைகளும் ஒரு வாடகை அறையின் மூலையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதம் போயிற்று. பிறகு ஒரு காலை நஸீர் தனியாகக் கந்தோருக்கு வந்தான். மெலிந்திருந்தான். "என்ட பங்கத் தங்கச்சிக்கு நன்கொடையா எழுதுங்க சேர். வாப்பாட சொல்லத் தட்டினவன் எண்டு எனக்குப் பேர் வேணா" என்றான். நான் உறுதியைத் தயாரித்தேன். ஜெமீலாவும் றிபாஸும் வந்தார்கள். சேர் அவர்களைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உறுதிக்கு அப்படிச் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வாசித்து முடித்துக் கேட்டார். "இது உங்கட விருப்பம்தானா?"

"ஓம் சேர்."

"உங்கட விருப்பம்தானா?"

"ஓம்."

மூன்றாம் தரம் கேட்டபோது நஸீர் பேனையை மேசையில் வைத்துவிட்டான். "இல்ல சேர்" என்றான். "இது வாப்பாட விருப்பம். என்ட விருப்பம் எண்டு அதில எழுதாதீங்க. என்ட புள்ளைகளக் கூட்டிட்டு அந்த ஊட்டுல போய் இரிக்கிறதுதான் என்ட விருப்பம்." பெரிய ஆம்பிளை, எங்கள் முன்னால் விம்மி விம்மி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "பரவாயில்ல, தாங்க, வெக்கிறன்" என்று கையை நீட்டினான்.

சேர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏலா தம்பி. இல்ல எண்டு சொன்ன பிறகு நான் எழுதேலா."

கதவு திறந்தது. தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஜெமீலா உள்ளே வந்து தமையனுக்கு முன்னால் நின்றாள். "சின்னக்காக்கா, எழும்புங்க. மச்சியையும் புள்ளைகளையும் கூட்டிட்டு இண்டைக்கே வாங்க. கிழக்கு அறையத் துப்பரவாக்கித் தாறன்." அவன் மாட்டேன் என்றான். அவள் அவனுடைய கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போய்விட்டாள். றிபாஸ் பின்னால் போனார். மேசையில் கையொப்பம் இல்லாத உறுதி கிடந்தது. அந்த வளவு இன்றைக்கும் இஸ்மாலெவ்வையின் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு குடும்பமும் அதில்தான். அடுப்பு இரண்டு, கிணறு ஒன்று. சண்டையும் உண்டு, சமாதானமும் உண்டு.

ஓய்வு பெற்ற கையோடு ஒருநாள் அங்கே போனேன். நஸீரின் பிள்ளைகள் முற்றத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெமீலா தேத்தண்ணி தந்தாள். வருடக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "எல்லாம் நன்மைக்குத்தான் புள்ள. நான் அந்தப் பிழைய விட்டிரிக்காட்டி உங்கட காக்கா..." என்று தொடங்கினேன்.

அவள் என்னை முடிக்க விடவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"கிளாக்கர் காக்கா, சின்னக்காக்கா இஞ்ச இரிக்கிறது எனக்குச் சந்தோசம். நான்தான் கூட்டி வந்தன், இன்னொருக்கா எண்டாலும் கூட்டி வருவன். ஆனா எல்லாம் நல்லதுக்குத்தான் எண்டு மட்டும் எனக்கிட்டச் சொல்லாதீங்க. வாப்பா கடைசியா ஒண்டே ஒண்டுதான் ஆசப்பட்டாரு. அது நடக்கல்ல."

"ஓம் புள்ள" என்றேன்.